மாம்பலகைப் பொன்வண்டு

“ஏழு வருஷம் ஆகிறது, அம்மா. என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை” என்றார் மாசிலாமணி.

அவர் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்த சீடர். குரு தையல்நாயகி அவரைவிட இருபது வயது இளையவர். வயதைக் காட்டி வாதாட முதல் வருஷமே முயன்று தோற்றிருந்தார்.

“என்ன கேள்வி?”

“தெரியாத மாதிரி பேசுகிறீர்களே. என் மகள் ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விட்டுப் போனாள்?”

“வந்த அன்றைக்கே சொன்னேனே, வக்கீல் சார்.”

“‘உட்கார்ந்து கேளுங்கள்’ என்றீர்கள். உட்கார்ந்தேன். கேட்டேன். உங்களைக் கேட்டேன், வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டேன். இன்னும் எத்தனை வாய்தா?”

“எழுந்திருங்கள்.”

எழுந்தார்.

ஏழு வருஷமாக அவர் உட்கார்ந்திருந்த மாம்பலகையைக் குரு புரட்டிப் போட்டார். ஓரத்தில் ஒரு தகரத் துண்டு. நான்கு ஆணிகள்.

“இது யார் வேலை?”

“நான்தான். போன மாசியில் அடித்தேன். பலகைக்குள் ஏதோ பூச்சி கரகரவென்று அரித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஓட்டையே போட ஆரம்பித்துவிட்டது.”

“எத்தனை நாளாகச் சத்தம்?”

“நான் வந்த நாளிலிருந்து. வாயைத் திறந்து ஒன்று கேட்க முடியாது. ஒரே தொந்தரவு.”

குரு கத்தி முனையால் ஆணிகளை நெம்பினார். தகரம் கழன்றது. பலகையைத் தட்டினார்.

ஒரு பொன்வண்டு விழுந்தது. கால்களை மடக்கியிருந்தது. உயிர் இல்லை.

வெயில் பட்டதும் அதன் முதுகு பச்சையாக மின்னியது. புரட்டினால் செம்பு நிறம்.

“இத்தனை அழகா உள்ளே இருந்தது?”

“உள்ளே இருட்டு. வெளிச்சம் பட்டால்தான் இந்தப் பச்சை.”

குரு அதை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“மரம் நின்றிருந்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் வெளியே வந்திருக்கும். அறுத்துப் பலகையாக்கிவிட்டார்கள். காய்ந்த கட்டையில் சத்து ஏது? புழுவாகவே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, போன மாசியில்தான் சிறகு வந்திருக்கிறது. வெளியே சில வாரம் பறந்திருக்கும். அதன் ஆயுளே அவ்வளவுதான்.”

“எனக்கு எப்படித் தெரியும்? கரையான் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“அது சொல்லிக்கொண்டுதானே இருந்தது?”

மாசிலாமணி மறுத்துப் பேச வாயெடுத்தார்.

கீழே கிடந்த தகரத்தை எடுத்தார். உள்பக்கம் முழுக்க மெல்லிய கீறல்கள். விரலால் தடவினார்.

வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“என் மகள் சொன்னாள்” என்றார்.

தகரத்தைக் கீழே வைத்தார்.

“கட்டு கட்டாகக் கேஸ் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். ‘அப்பா, கொஞ்சம் கேளுங்களேன்’ என்றாள்.”

“நீங்கள்?”

“நிமிரவில்லை. ‘என்ன வேண்டுமோ கேள், வாங்கித் தருகிறேன்’ என்றேன்.”