ஆடாத குகையும் எறும்புத்தின்னியும்

ஒரு மலைக்காட்டில் குரங்கு ஒன்று வைத்தியம் பார்த்துவந்தது. கடுங்காய்ச்சலுக்கு அது எட்டிக்கொட்டைப் பொடி கொடுக்கும். ஒரு குன்றிமணி எடை கொடுத்தால் உயிர் பிழைக்கும். இரண்டு கொடுத்தால் உயிர் போய்விடும். அதனால் சிலந்தி நூலில் இரண்டு இலைகளைக் கட்டித் தராசு செய்துவைத்திருந்தது.

மரத்தில் தொங்கவிட்டால் தராசு காற்றில் ஆடியது. குரங்கு தேடி அலைந்து ஒரு குகையைக் கண்டுபிடித்தது. ஒரு பகல் முழுவதும் தராசை அங்கே தொங்கவிட்டு, மிருகங்களைச் சுற்றி உட்காரவைத்தது. தட்டு மயிரிழைகூட அசையவில்லை. இதுதான் இடம் என்று எல்லாம் தலையாட்டின.

எறும்புத்தின்னி மட்டும் தலையாட்டவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும் பிராணி அது. ஆனால் குகைக்குக் கீழே சரிவில் எறும்புக்காகத் தோண்டியபோது ஒன்றைப் பார்த்திருந்தது. மண்ணுக்குள் நேராக ஓடிவந்த வெள்ளைக் கூழாங்கல் அடுக்கு ஓரிடத்தில் அறுந்து, ஒரு சாண் இறங்கித் தொடர்ந்தது. அதற்கு அடியிலிருந்த பழைய அடுக்கோ இரண்டு சாண் இறங்கியிருந்தது.

"வைத்தியரே, இந்த நிலம் இரண்டு தடவை நழுவியிருக்கிறது. மேலடுக்கு படிவதற்கு முன் ஒரு தடவை, படிந்த பின் ஒரு தடவை" என்றது மெதுவாக.

"நீ பார்த்தாயா?"

"நழுவியதைப் பார்க்கவில்லை. நழுவிய தடத்தைப் பார்த்தேன்."

"நான் பிறந்ததிலிருந்து இங்கே ஒரு கல்கூட உருண்டதில்லை. எறும்பு கடித்துப் பயந்துவிட்டாய் போலிருக்கிறது" என்றது குரங்கு. எல்லாம் சிரித்தன. எறும்புத்தின்னி வாலுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் அதன் குட்டிக்கே காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. வேறு வைத்தியர் கிடையாது. பயந்துகொண்டே குட்டியைக் குகைக்குள் தூக்கிப் போனது.

குரங்கு பொடியை நிறுத்தது. காற்றே இல்லை. ஆனாலும் தட்டு சிலிர்த்தது. குரங்கு அதைக் கையால் பிடித்து நிறுத்தி, இன்னும் கொஞ்சம் பொடி போட்டது.

"எடை சரியா?" என்றது தாய்.

"சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லி, குரங்கு இலையைக் குட்டியின் வாயருகே கொண்டுபோனது.

தரைக்குள் எதுவோ உறுமியது. தாய் குட்டியைச் சுற்றிப் பந்தாகச் சுருண்டு வெளியே உருண்டது. இலையும் கையுமாகக் குரங்கு பின்னால் பாய்ந்தது. குகை வாய் இடிந்து மூடிக்கொண்டது.

புழுதி அடங்கியதும் குரங்கு தலைகுனிந்து, "அடுக்கு அறுபடாத இடம் எது, தாயே?" என்று கேட்டது. எறும்புத்தின்னி ஓடைக்கு அப்பாலிருந்த பாறையைக் காட்டியது. அங்கே புதுத் தராசு கட்டி, கையிலிருந்த பொடியை எடைபோட்டன.

மூன்று குன்றிமணி இருந்தது.

குரங்கு பொடியை மூன்று சம பங்காகப் பிரித்தது. பிறகு அதில் இரண்டு பங்கை ஓடையில் கொட்டிவிட்டு, மீதியைக் குட்டிக்குக் கொடுத்தது.

ஓர் இடம் இன்று அசையவில்லை என்பதை மட்டும் பார்க்காமல், முன்பு அசைந்த தடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே அதை நம்பி உயிரை ஒப்படைக்க வேண்டும்.