தூத்துக்குடிக்கு ஒரு போன்

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்து ஆசிரமத்துக்குச் செங்கோட்டுவேல் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. குரு சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சீடனிடமும் ஒரு கத்தியைத் தள்ளினார்.

செங்கோட்டுவேல் ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்துதரும் கம்பெனி நடத்துபவன். போன வருடம் ஊழியர்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டான். ஒவ்வொரு வேலைக்கும் அதில் தேர்ந்த ஃப்ரீலான்சர்களைப் பிடித்தான். அவர்கள் அவரவர் ஊரில் இருந்தே செய்தார்கள். அலுவலகம் காலியானது. வேலை முன்னைவிட நன்றாக நடந்தது.

“முகம் சரியில்லையே” என்றார் குரு.

“ததேயுன்னு ஒருத்தர், சாமி. தூத்துக்குடிக்காரர். என்கிட்ட வேலை செஞ்சவங்கள்லயே கெட்டிக்காரர் அவர்தான். செத்துப்போயிட்டார்.”

“எப்படி?”

“மாரடைப்பாம். எனக்கு எங்கே தெரியுது? பதில் வரலைன்னு, ஏன் லேட்டு, ஏன் லேட்டுன்னு மெசேஜ் அனுப்பிட்டே இருந்தேன். கடைசியில அவர் போன்ல இருந்து சம்சாரம் எழுதினாங்க. நான் முதல் மெசேஜ் அனுப்பறதுக்கு முன்னாலயே அடக்கம் முடிஞ்சிருக்குது.”

குரு கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்புறம்?”

“சாயங்காலத்துக்குள்ள வேற ஆள் கிடைச்சுட்டார். அவரும் கெட்டிக்காரர்தான். விட்ட இடத்துல எடுத்து முடிச்சுக் குடுத்துட்டார்.” வெங்காயத் தோலை ஓரமாக ஒதுக்கினான். “ஒண்ணுமே நிக்கலைங்க சாமி. அதுதான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது.”

“முன்னாடி இருந்த ஆளுக வீட்டுல சாவு விழுந்தா என்ன பண்ணுவீங்க?”

“பூங்கொடின்னு ஒரு பொண்ணு. அவங்கப்பா தவறினப்போ ஆபீஸைப் பூட்டிட்டு எல்லாருமே போயிட்டோம். அன்னிக்குப் பார்த்து ஒரு ஆஸ்பத்திரியில சிஸ்டம் நின்னுபோச்சு. நோயாளிங்க வரிசையில நின்னு தவிச்சாங்க. இனி இப்படி ஆகக்கூடாதுன்னுதான் வெளியாளுங்களை வச்சேன்.”

மழை வலுத்தது.

“நான் பண்ணினது தப்புங்களா சாமி? பழையவங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கட்டுமா?”

“ததேயு சம்சாரத்தோட நம்பர் இருக்குதா?”

“அவர் நம்பர் இருக்குது.”

“கூப்பிட்டுத் துக்கம் விசாரி.”

“இப்பப் போய் என்னன்னுங்க…”

குரு மறுபடி கத்தியை எடுத்தார். செங்கோட்டுவேல் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

“யாரு?” பெண்குரல். பின்னால் யாரோ செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“கோயம்புத்தூர்ல இருந்து செங்கோட்டுவேல் பேசறேனுங்க. ததேயு சார் விஷயம்… ரொம்ப வருத்தமா இருக்குங்க.”

“அவுக போன்ல நெறைய பேரு வேலை என்னாச்சு, வேலை என்னாச்சுன்னு கேட்டுட்டே இருந்தாக. எல்லாருக்கும் ஒண்ணையேதான் எழுதிப்போட்டேன். ஒருத்தரும் திரும்பப் பேசல.” அவள் மூச்சு வாங்கினாள். “நீங்க அவுகளுக்கு யாரு?”

முதலாளி என்று சொல்ல வாயெடுத்தான். ததேயு அவனுடைய ஊழியர் இல்லை. நண்பன் என்று சொல்லலாமா? அவர் குரலைக்கூட அவன் ஒரு தடவை கேட்டதில்லை.

“ஹலோ, இருக்கீகளா?”

செங்கோட்டுவேல் போனைக் கையால் பொத்திக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“என்னன்னு சொல்லட்டும், சாமி?”

“அந்தம்மா என்னைக் கேக்கலையேப்பா” என்றார் குரு.