காற்றை நாடுகடத்திய ராஜா

முன்னொரு காலத்தில் குறும்பொறை நாட்டைக் கோடைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, அவ்வளவே. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. புகார் சொன்னவரே தண்டனையைத் தொடங்கிவைக்க வேண்டும். கசையடி என்றால் முதல் அடி அவருடையது.

வானத்தைக் கணிக்கும் ஆதனாருக்கு ராஜா பல்லக்கு கொடுத்ததிலிருந்து தளபதி வில்லவராயருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, தங்களைப் பார்த்துக் கண்ணடித்தால் என்ன தண்டனை?"

"தலை போகும்."

"நட்சத்திரங்கள் தினமும் கண்ணடிக்கின்றன. அவற்றைக் கவனிப்பது ஆதனார் வேலை."

ராஜா யோசித்தான். உண்மைதான். "ஆதனாரே, நாளைக்குள் நிறுத்தும். இல்லாவிட்டால் உம் தலையை எடுப்பேன்."

மறுநாள் ஆதனார் ராஜாவை மடப்பள்ளிக்கு அழைத்துப்போய், தணல் நிறைந்த பெரிய அடுப்புக்கு இந்தப்பக்கம் நிறுத்தினார். அந்தப்பக்கம் தளபதி.

"தளபதி ஏன் நடுங்குகிறார்?"

"அவர் அசையாமல்தான் நிற்கிறார், மகாராஜா. நடுவில் சூடான காற்று அசைகிறது. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவிலும் காற்றுதான், சூடும் குளிருமாய் அலைகிறது. நட்சத்திரம் சும்மா நிற்கிறது."

"பகலில் ஏன் ஒளிகின்றன?"

"ஒளியவில்லை. சூரிய வெளிச்சத்தில் தெரிவதில்லை. தாங்கள் சபைக்கு வந்தபின் எங்களை யார் பார்க்கிறார்கள்?"

இந்த விளக்கம் ராஜாவுக்கு மிகவும் சரியாகப் பட்டது. "அப்படியானால் குற்றவாளி காற்று. நாடுகடத்துங்கள்!"

"இன்றே செய்வோம்!" என்று தளபதி முந்திக்கொண்டார்.

ஆதனார் கைகட்டி நின்றார். "வழக்கப்படி புகார் சொன்னவர் தொடங்கட்டும். தம்மிடம் உள்ள காற்றை வெளியேற்றட்டும். மறுபடி உள்ளே விடக் கூடாது."

தளபதி மூச்சை விட்டார். வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டார். ராஜா ஆர்வமாய்ப் பார்த்தான். தளபதியின் முகம் சிவந்து, பிறகு கத்தரிக்காய் நிறமானது. கடைசியில் "புகாரே வேண்டாம்!" என்று அலறிக் காற்றை வாய் வாயாய் விழுங்கினார்.

"நாடுகடத்தப்பட்டவனுக்கு நீரே இடம் கொடுத்துவிட்டீரே" என்று ராஜா வருத்தப்பட்டான்.

அன்றே தீர்ப்பு வந்தது. காற்றுக்கு மன்னிப்பு. ஆதனாருக்கு முத்துமாலை. தளபதி ஒரு மாதம் ஆதனாரின் பல்லக்கைத் தூக்க வேண்டும். ஆதனார் வீடு மலைமேல் இருந்தது. ஏறும்போதெல்லாம் தளபதிக்குக் காற்று நிறையவே தேவைப்பட்டது.