ஆசனத்தில் ஏறிய தும்மல்

முன்னொரு காலத்தில், மழையை நம்பிப் பிழைத்த நெடுங்குளம் நாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான். சபையில் அவனுக்கு வலப்பக்கம் பட்டு மெத்தை போட்ட ஆசனம் ஒன்று உண்டு. அது மந்திரி இளங்கண்ணருடையது. அதைப் பார்த்துப் பார்த்தே வயிறு எரிந்துகொண்டிருந்தார் குதிரை லாயத்து அதிகாரி உத்தண்டர்.

மந்திரி சிரித்தால், 'என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான்' என்று நினைப்பார். வணங்கினால், 'நடிக்கிறான்' என்பார். ராஜா மந்திரிக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு உத்தண்டருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. லாயத்துக்கு வந்த வைக்கோல் முழுக்க ஈரம். அந்தப் பக்கம் வந்த மந்திரி, "அதிகாரியாரே, நன்றாக வெயில் காட்டிவிட்டு உள்ளே அடுக்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல யோசனைதான். உத்தண்டருக்கும் அது தெரியும். ஆனால் சொன்ன வாய் மந்திரியின் வாய் ஆயிற்றே. 'இவன் பேச்சைக் கேட்டால் பேரும் இவனுக்கல்லவா போகும்' என்று, பொழுது சாய்வதற்குள் ஈர வைக்கோலை அப்படியே லாயத்துக்குள் அடுக்கச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாளில் ராஜாவின் ஆசைக் குதிரை வெண்தாரை இருமத் தொடங்கியது. மூக்கில் நீர் வடிந்தது, விலா ஏறி இறங்க மூச்சு வாங்கியது. பிறகு மற்றக் குதிரைகளும் இருமின. குதிரைக்காரர்களுக்கு நெஞ்சு இழுத்தது. உத்தண்டருக்கே உள்ளே கால் வைத்தால் கண் சிவந்து தொண்டை அரித்தது. எல்லாம் மந்திரி கண் வைத்த வினை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ராஜாவிடமும் போய் ஓதினார்.

"அரசே, மந்திரி வந்து போன பிறகுதான் இந்த நோய். வெண்தாரையைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சை என் காதாலேயே கேட்டேன்."

பெருமூச்சாவது ஒன்றாவது. ஆனாலும் ராஜா நம்பிவிட்டான்.

"இளங்கண்ணரே, அடுத்த சபைக்குள் என் குதிரையைக் கெடுத்தவனை இங்கே கொண்டுவாரும். இல்லாவிட்டால் உம்முடைய ஆசனம் உத்தண்டருக்கு."

"ஆகட்டும் அரசே" என்றார் மந்திரி.

நேராக லாயத்துக்குப் போனார். உத்தண்டர் பின்னாலேயே போய் வாசலில் நின்று கவனித்தார். குதிரைகளை வெளியே கட்டினால் இருமல் தணிந்தது. உள்ளே கொண்டுவந்தால் மறுபடி வந்தது. மந்திரி வைக்கோல் போரிலிருந்து ஒரு பிடியை உருவித் தட்டினார். கரும்பச்சைத் தூள் புகையாய்க் கிளம்பியது.

"உங்களுக்கும் கண் சிவந்திருக்கிறதே, எப்போதுமே இப்படியா?"

"உள்ளே வந்தால்தான். வெளியில் எனக்கு என்ன கேடு?" என்றார் உத்தண்டர் வெடுக்கென்று.

மந்திரி ஒரு சாக்கு நிறைய வைக்கோலை எடுத்துக்கொண்டு போனார். 'பதவி போனால் தின்னுவதற்காக இருக்கும்' என்று உத்தண்டர் உள்ளுக்குள் சிரித்தார்.

சபை கூடியது. மந்திரி தம் ஆசனத்தில் உட்காராமல் பக்கத்தில் நின்றார். "குற்றவாளி எங்கே?" என்றான் ராஜா.

"சபைக்குள் வந்துவிட்டான் அரசே. கண்ணுக்குத்தான் தெரியவில்லை."

"அப்படியானால் நீர் தோற்றீர்."

"தோற்றதாகவே இருக்கட்டும். அதிகாரியார் வந்து ஆசனத்தில் அமரட்டும்."

உத்தண்டர் மேலாடையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். இத்தனை வருஷ ஏக்கம். மெத்தையை இரண்டு கையாலும் ஆசையாகத் தட்டிவிட்டு, தொப்பென்று உட்கார்ந்தார்.

"அரசே, இந்த ஏழைக்கு..." என்று ஆரம்பித்ததும் ஒரு தும்மல். "இந்த ஏழைக்கு..." மறுபடி தும்மல். கண்ணில் நீர் கொட்டியது. தொண்டை கமறி வெண்தாரையைப் போலவே இருமினார்.

"என்னய்யா இது?" என்றான் ராஜா.

மந்திரி மெத்தையின் தையலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பஞ்சு இல்லை, லாயத்து வைக்கோல்.

"குதிரையைக் கெடுத்தவன் இவன்தான் அரசே. பூசணம்."

"வயல் வரப்பில் எங்கும் பூக்கிற பூசணமா?"

"அதேதான். வெட்டவெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். ஈரத்தோடு அடைத்துவைத்தால் பெருகி, தூளாகி, மூச்சில் ஏறும். குதிரை மூக்கு, மனித மூக்கு என்று அது பார்ப்பதில்லை."

"ஈரத்தோடு அடைத்தது யார்?"

பொய் சொல்லத்தான் உத்தண்டர் வாயைத் திறந்தார். தும்மல் விடவில்லை. அது ஓய்ந்தபோது பொய் சொல்லும் தெம்பும் போய்விட்டது.

"நான்தான் அரசே. மந்திரி காயவைக்கச் சொன்னார். அவர் சொன்னார் என்பதற்காகவே காயவைக்கவில்லை. பெருமூச்சும் நான் கட்டிய கதைதான்."

"இவனை நாடு கடத்துங்கள்" என்றான் ராஜா.

"வேண்டாம் அரசே" என்றார் மந்திரி. "குதிரை வளர்க்க இவரைப் போல் ஆள் இல்லை. பூசண வைக்கோலை இவரே அப்புறப்படுத்தட்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். உத்தண்டர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வைக்கோலை ஊருக்கு வெளியே குழிவெட்டிப் புதைத்தார். லாயத்துச் சாளரங்களைத் திறந்துவைத்தார். குதிரைகளை வெளியில் கட்டிப் புதுப் புல் போட்டார். நாளாவட்டத்தில் மூச்சிழுப்பு நின்று, வெண்தாரை ராஜாவைச் சுமந்துகொண்டு மைதானத்தில் பறந்தது.

அதைப் பார்த்த உத்தண்டருக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற மந்திரியின் காலில் விழக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, "மந்திரியார் மனசு யாருக்கு வரும்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பாதி குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

மந்திரி அவர் தோளைத் தொட்டு, "முழுக்கக் குனிந்ததாகவே வைத்துக்கொள்கிறேன் அதிகாரியாரே, நிமிருங்கள்" என்றார்.