ஊமைக் கட்டை

“‘செத்த பெட்டியை வெச்சுக்கிட்டு என் பொண்ணு கல்யாணத்தை நடத்த முடியாது. புதுசு வாங்குங்க, இல்லேன்னா நானே வாங்கித் தர்றேன், இதைக் கண்ணு முன்னாடி வெக்காதீங்க.’ இதைத்தானே சொன்னீங்க?”

சிஸ்டர் லியோனி ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார். தன் வாயில் வந்ததையே இன்னொருவர் நிதானமாகச் சொல்லக் கேட்பது பெர்னதெத்துக்குப் பிடிக்கவில்லை.

“சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்வேன்.”

கான்வென்ட் சிற்றாலயத்தில் அவர்கள் இருவர்தான். நடுவில் பழைய டிஜிட்டல் பியானோ. பெர்னதெத் ஐம்பதைத் தாண்டியவள். சிஸ்டர் அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் இங்கே அவர் குரு, இவள் சிஷ்யை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு கற்றுக்கொள்ள வந்தவள், இப்போது பூசைக்கே வாசிக்கிறாள். பொறுமைதான் இன்னும் கைக்கு வரவில்லை.

பியானோவின் நடுவே ஒரு வெள்ளைக் கட்டை ஊமை. என்ன அழுத்தினாலும் சத்தம் வராது. பெர்னதெத் அதைத் தாண்டி வாசிக்கப் பழகியிருந்தாள். காணிக்கைப் பாடலில் அந்த இடம் வந்தால் விரல் ஒரு துள்ளுத் துள்ளும். பாடகர் குழு மூச்சு வாங்கிக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் பாட்டே அப்படித்தான் என்று நினைத்தார்கள்.

“சனிக்கிழமை யார் பாடுறாங்க?” என்றார் சிஸ்டர்.

“பேராலயத்துல பாடுற பொண்ணை வரச்சொல்லியிருக்கேன்.”

“கல்யாணப் பொண்ணு ஷெரின் அவ சித்தியைத்தானே கேட்டா?”

பெர்னதெத் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

சித்தி என்றால் ஜெசிந்தா, பெர்னதெத்தின் ஓரகத்தி. ஒரே வீட்டில் மாடியில் இவர்கள், கீழே அவர்கள். மாமனாரின் அடக்கப் பூசையில் ஜெசிந்தா பாதிப் பாட்டில் அழுது நின்றுவிட்டாள். பெர்னதெத் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாள். முடிந்ததும் கல்லறை வாசலில், அத்தனை பேர் முன்னால், “பாட முடியாதவ எதுக்கு மைக்கைப் பிடிக்கணும்?” என்று கேட்டாள். அதோடு ஜெசிந்தா பாடுவதை விட்டாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒருத்தி செருப்பைத் தேடுவாள், மற்றவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.

“அவ தொண்டை போயாச்சு சிஸ்டர். கல்யாணத்துல வந்து நின்னு அழுதான்னா மாப்பிள்ளை வீட்டுக்கு யார் பதில் சொல்றது?”

“ஒரு பக்கம் பிடிங்க.”

“எதை?”

“பியானோவை. கவுக்கணும்.”

“நீங்களே பிரிக்கப் போறீங்களா? கடவுளே!”

“பிசிக்ஸ் லேப்ல பிள்ளைங்க உடைக்கிறதையெல்லாம் யார் ஒட்டவைக்கிறாங்கன்னு நினைச்சீங்க? போய் சமையல்கட்டுல இருந்து ஒரு இட்லித் தட்டு எடுத்துட்டு வாங்க.”

“பியானோவுக்கு இட்லி ஊத்தப் போறோமா?”

“ஸ்க்ரூவுக்கு.”

ஒவ்வொரு மூலையிலும் கழற்றிய ஸ்க்ரூ தனித்தனிக் குழிக்குப் போனது. பெர்னதெத் அவசரத்தில் இரண்டு குழியை ஒன்றாகக் கொட்டப் போனாள்.

“கலக்காதீங்க. ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு இறங்காது.”

இருவரும் வியர்த்துப்போனார்கள். மின்விசிறியைப் போட்டால் தூசி பறக்கும் என்று சிஸ்டர் தடுத்துவிட்டார்.

“ஒண்ணு கேக்கட்டுமா சிஸ்டர்? எதைச் சரிபண்ணணும், எதைத் தூக்கிப்போடணும்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?”

“திறந்து பாத்தா தெரியும்.”

“திறக்காம தெரியாதா?”

“உங்களுக்குத்தான் தெரிஞ்சிருந்ததே. செத்துப்போச்சுன்னு சொன்னீங்க.”

சிஸ்டர் ஊமைக் கட்டையைத் தூக்கினார். அடியில் நீளமாக ஒரு ரப்பர் பட்டை. அதை மெதுவாகப் பிரித்தார். அதன் கீழே, கட்டை அழுந்தித் தொட வேண்டிய கறுப்புப் புள்ளிமேல் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

“மெழுகு.”

“இதுக்குள்ள மெழுகு எப்படி வந்துச்சு?”

“ஈஸ்டர் பாஸ்கா ராத்திரி மெழுகுதிரியைப் பெட்டி மேல ஒட்டவெச்சு வாசிச்சது யாரு?”

பெர்னதெத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. “கோயில் லைட்டையெல்லாம் அணைச்சுட்டா நான் எப்படிப் பாட்டுப் புஸ்தகத்தைப் பாக்குறது? உருகும்னு யார் கண்டா?”

“யாரும் வேணும்னு பண்ணலையே” என்றார் சிஸ்டர்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் புள்ளியைத் துடைத்தார். ஊதினார். ரப்பரை அதன் இடத்தில் அழுத்தினார். இட்லிக் குழிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பெட்டியை நிமிர்த்தி வைத்து, கட்டையை ஒரு விரலால் தொட்டார்.

சத்தம் வந்தது. பக்கத்துக் கட்டைகளைவிடக் கொஞ்சம் பளிச்சென்று.

பெர்னதெத் தன்னை மறந்து கைதட்டிவிட்டாள்.

“காணிக்கைப் பாட்டு வாசிங்க.”

உட்கார்ந்து வாசித்தாள். அந்த இடம் வந்தது. விரல் துள்ளித் தாண்டியது.

“பழக்க தோஷம்” என்று மறுபடி ஆரம்பித்தாள். தாண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையையே பார்த்தபடி வாசித்தாள். அப்போதும் தாண்டியது.

“சிஸ்டர், கட்டைதான் சரியாயிடுச்சே!”

“ஆமா” என்றார் சிஸ்டர், இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே. “புதுப் பெட்டி வந்திருந்தாலும் இந்த விரல்தானே வந்து உக்காந்திருக்கும்?”

பெர்னதெத் கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். அடக்கப் பூசையில் ஜெசிந்தா அழுது நின்ற இடத்தையும் இந்த விரல்தான் நிற்காமல் தாண்டிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்தவள் மாடி ஏறவில்லை. கீழ் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிக்சி ஓடியது. அது நிற்கும்வரை நின்றாள். பிறகு தட்டினாள்.

“ஜெசி, நான்தான்.”

கதவுக்கு அந்தப் பக்கம் காலடி வந்து நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை.

“சனிக்கிழமை நீ பாடணும்னு ஷெரின் ஆசைப்படுறா.”

தான் சொன்னது பெர்னதெத்துக்கே போதாது போலிருந்தது. கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

“நானும்தான். அழுகை வந்தா அழு. நீ நிக்கிற இடத்துல நானும் நிறுத்திட்டு உனக்காகக் காத்திருக்கேன். பாடு ஜெசி.”