தலைவருக்கு ஓர் ஒப்பாரி

அமலோற்பவம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செம்பில் சாய்த்து வைத்த செல்போனில், பல ஊர்க்காரர்கள் கூடி ஆடும் விளையாட்டு. மற்றவர்கள் வாள்வீரன், மந்திரவாதி என்று வேடம் எடுத்திருந்தார்கள். அவள் மட்டும் ஒப்பாரிக்காரி. ஒருமுறை விரல் வைத்தால் பாட்டு தானாக நடக்கும், கை வேலைக்குத் திரும்பலாம். அவள் பேச்சுக்கு யாராவது பதில் சொல்கிற இடமும் அது ஒன்றுதான்.

கூட்டத்தின் தலைவன் வச்சிரவேலு போனில் அதட்டினான். "அழுறதுக்கு எதுக்கும்மா ஒரு ஆளு? நாங்க எல்லாரும் தாண்டுற வரைக்கும் கோட்டைவாசல் பூதத்தை நீ நிறுத்தணும். இல்லேன்னா கூட்டத்தை விட்டுப் போயிரு."

"நிறுத்துறேன் அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "ஒப்பாரி கேட்டா பூதம் தலைகுனிஞ்சு நிக்கும். ஆனா யாராவது செத்தமாதிரி படுக்கணும். சின்ன ஆளுன்னா சீக்கிரம் நிமிர்ந்துரும். பெரிய ஆளுக்குத்தான் ரொம்ப நேரம் நிக்கும். நம்மள்ல பெரிய ஆளு யாரு?"

வேறு பெயர் சொல்ல வச்சிரவேலுவுக்கு மனசு வரவில்லை. படுத்தான்.

பாட்டு எழுந்தது. பூதம் கதாயுதத்தை ஊன்றித் தலைகுனிந்தது. ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். சிலர் தலைவன் உடலைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் வாசலில் பூதமும் பிணமும்தான் மிச்சம்.

"எம்மா, நான் எப்போ எந்திரிக்க?" குரல் இறங்கியிருந்தது.

"அசைஞ்சா அடிச்சிரும் அண்ணாச்சி. நான் இருக்கணுமா, போகணுமா?"

"இரும்மா. நீ இருக்கணும்."

"அப்போ கேளுங்க. நான் சொன்னதும் மெதுவா இடது பக்கமா..."

"அமலி, பிள்ளை முழிச்சிட்டான்," என்று உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள்.

"அப்படியே கிடங்க அண்ணாச்சி, நான் இந்தா போயிட்டு வந்துர்றேன்," என்று போனைச் செம்போடு விட்டுவிட்டு அமலோற்பவம் எழுந்து உள்ளே போனாள்.