மூவர் கூடினால் முத்திரை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நாளெல்லாம் அலைச்சல் உங்களுக்கு, முகத்திலேயே தெரிகிறது. காலை நீட்டிக்கொள்ளுங்கள். அலுத்துப்போன ஒருவன் ராஜாவைச் சிரிக்க வைத்த கதை சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு விபரீத ஆசை பிறந்தது. யார் வேண்டுமானாலும் குழு அமைக்கலாம் என்று பறையறைவித்துவிட்டார். அவ்வளவுதான். ஏரிக்கு ஒரு குழு, ஏரிக்கரைக்கு ஒரு குழு, கரைமேல் நிற்கும் அரசமரத்துக்கு ஒரு குழு. எல்லாவற்றிலும் ராஜாவையும் சேர்த்துவிட்டு, விடிந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

அமைச்சர் ஏகாம்பரர் இதற்காகவே காத்திருந்தார். இனி மூவர் கூடினாலே குழு, தம் முத்திரை இல்லாமல் எந்தக் குழுவும் கூடக்கூடாது என்று ஆணை கேட்டார். விட்டால் போதுமென்று ராஜா தலையாட்டினார்.

அரண்மனை விகடகவி அம்பலவாணன்மேல் அமைச்சருக்கு வெகுநாள் பொறாமை. அவன் மகள் செங்கமலத்துக்கு அப்போது வளைகாப்பு வைத்திருந்தார்கள். பெண்கள் கூடவேண்டுமே, முத்திரை கேட்டு நடந்தான். ஒருநாள் அமைச்சர் பூஜையில் என்றார்கள், ஒருநாள் தலைவலி என்றார்கள். நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது.

கடைசியில் அமைச்சர் இளித்தார். "உம் மனைவியும் மகளும் மட்டும் இருந்து வளையல் போட்டுக்கொள்ளட்டுமே. இருவர் குழு ஆகாது."

"வயிற்றுப் பிள்ளையோடு மூவர் ஆகிறதே, ஐயா."

"அப்படியானால் அதுவும் கூடாது."

வீட்டில் செங்கமலம் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகளை மடியில் மறைத்துக்கொண்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை சபையில் ராஜாவும் அமைச்சரும் மட்டும் இருந்தார்கள். அம்பலவாணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஏன் அங்கேயே நிற்கிறீர்?" என்றார் ராஜா.

"தாங்கள் ஒருவர், அமைச்சர் ஒருவர். அடியேன் உள்ளே வந்தால் மூவர், மகாராஜா. முத்திரை கிடைக்கவில்லை."

அமைச்சர் முந்திக்கொண்டார். "இந்தச் சபைக்கு நான் அனுமதி தந்தேன். வாரும்."

அம்பலவாணன் உள்ளே வந்தான். ராஜாவைத் தாண்டிப் போய் அமைச்சரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்தபடியே சொன்னான்: "மகாராஜா, தாங்களும் வந்து பக்கத்தில் விழுந்துவிடுங்கள். தங்கள் சபை இன்று கூடியது இவர் தயவால்தானே."

ராஜா அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தரையைப் பார்த்தார். அப்புறம் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டுமளவுக்கு வந்தது.

"முத்திரையை இனி நீரே வைத்துக்கொள்ளும்."

"வேண்டாம், மகாராஜா. அப்புறம் ஊரே என் வாசலில் கால்கடுக்க நிற்கும். தெருவுக்கு ஒருவரிடம் கொடுங்கள். கூட்டுவது மட்டுமில்லை, வேலை முடிந்ததும் கலைப்பதும் அவர் பொறுப்பு என்று சொல்லிக் கொடுங்கள்."

ராஜா அப்படியே ஆணையிட்டார். செங்கமலத்துக்குப் பொன்வளையலும் அனுப்பினார். வளைகாப்புக்கு வீடுவீடாகப் போய்ப் பெண்களை அழைக்கும் வேலை அமைச்சருக்கு வாய்த்தது. அத்தனை கலகலப்புக்கு நடுவில் அம்பலவாணன் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான்.

உங்கள் வீட்டிலும் இப்படி நல்லதுக்கு நாலுபேர் கூடட்டும், கண்ணுகளா. கூடினவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, நேரத்தோடு கலைந்து, உங்களை நிம்மதியாகத் தூங்கவிடட்டும்.